ஏழாம் எண் மீட்டர்

ஜனவரி 9, செவ்வாய்

கடைசி கேஸ் கீசரையும் இன்று கழற்றியாகிவிட்டது. இனி எட்டு வீட்டுக்கும் மொட்டைமாடி ஹீட் பம்ப்தான் வெந்நீர் தரும். குடியிருப்புச் சங்கத் தலைவி என்ற பேருக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம். போன குளிர்காலத்தில் ஏழாம் எண் வீட்டு விதாத் கீசர் புகையில் குளியலறையிலேயே மூச்சடங்கிப் போனாள். அதற்குப் பிறகு நான் யாரையும் சும்மா விடவில்லை. குளிர்காற்று வருகிறதென்று அவள் புகைப்போக்கியில் துணி அடைத்து வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

எட்டாம் எண் உஸ்தாத் ஷுக்ரிதான் முரண்டு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஒண்டிக்கட்டை. எல்லாரையும் போல என்னை மகன் பெயரை வைத்து 'உம் கைஸ்', கைஸின் அம்மா, என்றுதான் கூப்பிடுவார். "உங்க மெஷின் தண்ணி என் சுண்டுவிரல்ல கூடப் படாது, உம் கைஸ். என்கிட்ட கெட்டில் இருக்கு."

"அப்போ கெட்டிலுக்குள்ளயே உட்கார்ந்து குளிங்க" என்றேன். படாரென்று கதவைச் சாத்தினார்.

ஜனவரி 14, ஞாயிறு

எந்த வீட்டில் எவ்வளவு வெந்நீர் போகிறதென்று இப்போது என் போனிலேயே தெரிகிறது. ஹீட் பம்ப்பும் மீட்டரும் பொருத்திய மாஹிர் காட்டிக் கொடுத்தான். எட்டாம் எண்: பூஜ்யம். கிழவர் சொன்னபடியே வீம்பு பிடிக்கிறார்!

ஆனால் என் லட்சணம்? ஆறாம் எண்ணில் நான் ஒருத்தி. ஐந்தாம் எண்ணில் நாலு பிள்ளைகள். எனக்கு அவர்களைப் போல மூன்று மடங்கு காட்டுகிறது. "முதல் மாசம் எல்லாரும் ஆடத்தாம்மா செய்வாங்க" என்று மாஹிர் சிரித்தான். வெட்கமாகப் போய்விட்டது.

ஜனவரி 17, புதன்

ஏழாம் எண்ணில் தண்ணீர் ஓடியிருக்கிறது. விடிகாலை 5.40. ஒன்பது லிட்டர்.

பூட்டிக் கிடக்கும் வீடு. சாவி என் அலமாரியில்.

ஜனவரி 18, வியாழன்

5.41. ஒன்பது லிட்டர்.

ஜனவரி 20, சனி

இன்று காலையும் ஓடியது. உடனே சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் பஸ்யூனி வாசலோடு நின்றுவிட்டான். "நான் எகிப்துலேர்ந்து பொழைக்க வந்தவன் மேடம், பேய் பார்க்க வரல."

தனியாகத்தான் நுழைந்தேன். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. தொட்டியில் தூசி. அவள் வைத்த சோப்பு வெடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது. ஒன்பது லிட்டரும் எங்கே போயிற்று?

விதாத் ஒருநாள்கூட விடிகாலை சுப்ஹு தொழுகையை விட்டதில்லை. அந்த நேரத்தில்தான் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்ய எழுந்திருப்பாள்.

போனில் மாஹிர், "மீட்டர் கோளாறா இருக்கும்மா, மாசக் கடைசியில வந்து பார்க்கறேன்" என்றான்.

ஜனவரி 24, புதன்

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். 5.40க்கு ஏழாம் எண் கோடு ஏறியது. அதே நேரம் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம். நிஜத் தண்ணீர். "விதாத், நீதானாடி?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பிறகு அவள் வாசலில் நின்று, இறந்தவர்களுக்காக ஓதும் யாசீன் ஓதினேன். ஷுக்ரி எட்டிப் பார்த்தார். "என்ன, பூட்டின வீட்டுக்குப் பாடம் எடுக்கறீங்களா?" முகம் மழமழவென்று சவரம் செய்து பளபளத்தது. கெட்டில் தண்ணீரில் இவ்வளவு பளபளப்பா!

ஜனவரி 28, ஞாயிறு

ஏறவில்லை. 5.40, 6, 7 — ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஓதியது வீண்போகவில்லை.

ஜனவரி 29, திங்கள்

இன்றும் இல்லை. நிம்மதியில் குனாஃபா இனிப்பு செய்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். எட்டாம் எண்ணில் மூன்று தடவை மணி அடித்தேன். திறக்கவில்லை. இன்னும் என்மேல் கோபமாம்! தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் குழாய் தட்டியது. மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று. எங்கிருந்தென்று தெரியவில்லை, சுவர் முழுக்கக் கேட்கிறது. மாஹிரைக் கூப்பிட்டேன். "சூட்டுல குழாய் விரியும்மா. புது லைன் தட்டத்தான் செய்யும்."

இப்படி எண்ணி எண்ணியா தட்டும்? தண்ணீரை விட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டாளா? துணியைப் பார்த்தும் சொல்லாமல் இருந்தேனே, அதற்கா? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சத்தமாக ஓதினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

காலையில் மெதுவாக ஒரு தட்டு. மத்தியானம் ஒன்று. அதோடு நின்றுவிட்டது.

குனாஃபா தட்டு இன்னும் அவர் வாசலிலேயே. என்ன திமிர் இந்த மனுஷனுக்கு.

ஜனவரி 31, புதன்

மாஹிர் வந்தான். "உங்க சமையலறைக் குழாயைத் திறங்கம்மா, சரிபார்க்கலாம்." திறந்தேன். போனில் ஐந்தாம் எண் கோடு ஏறியது. என் கோடு அசையவில்லை.

அவன் மாடிப்படிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மாடிக்கு ரெண்டு மீட்டர். நாம அரபி எழுதற மாதிரி வலப்பக்கத்துலேர்ந்து நம்பர் போட்டுட்டேன். படிக்கிற மெஷின் இடப்பக்கத்துலேர்ந்து எண்ணுது. எல்லா மாடியிலயும் மாறிப்போச்சும்மா. உங்களுது அஞ்சுல காட்டுது. எட்டாம் நம்பரோடது..."

அவன் முடிக்கவில்லை. நான் படியேறி ஓடினேன்.

பஸ்யூனி எட்டாம் எண் கதவை உடைத்தான். ஷுக்ரி குளியலறைத் தரையில் கிடந்தார். கைப்பக்கத்தில் சவர பிரஷ். அதன் கட்டை நுனி நசுங்கியிருந்தது. குழாயில் ஒரே இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

பிப்ரவரி 1, வியாழன்

இடுப்பெலும்பு முறிவு. எழுந்திருக்க முடிந்திருக்காது. செவ்வாய் மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அதே செவ்வாயன்று நான் திமிர் என்று எழுதியிருக்கிறேன்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். யா அல்லாஹ், பஞ்சு வெச்சு அடைச்சேனே. என் காதை நானே அடைச்சேனே.

பிப்ரவரி 11, ஞாயிறு

இர்பித் ஊரிலிருந்து அவர் தங்கை மகன் வந்து வீட்டைக் காலி செய்தான். என் தட்டைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். "மாமா உங்களப்பத்தி போன்ல சொல்வாருங்க. 'தண்ணி அருமையா வருதுடா, குழாயைத் திறந்தா போதும், சவரம் பண்ணவே ஆசையா இருக்கு. உம் கைஸ்கிட்ட மட்டும் சொல்லிடாத, அந்தம்மாவுக்குக் கொம்பு முளைச்சுடும்'னு."

சிரித்துவிட்டேன். அவன் முன்னாலேயே அழுதும்விட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

குழாய் தட்டியது. மாஹிர் சொன்னது பொய்யில்லை, சூட்டில் விரியத்தான் செய்கிறது. மேலே ஓடினேன். ஏழு, எட்டு, இரண்டு கதவிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கு இது நாலாவது தடவை.