ஓட்டில்லாத தெருவில் ஏ.கே.கே.

என் அன்பான ஏ.கே.கே. அப்பாவுக்கு,

அங்கேயும் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்களா? இங்கே இன்னும் அப்படித்தான்.

அதிர்த்தி கர்ஷக கூட்டாய்ம என்ற எல்லை விவசாயிகள் கட்சிக்கு, கேரள எல்லைக்குள் இருக்கும் நம் வார்டில் நீங்கள் ஒரே ஆள். அதனால் கட்சியின் மூன்று எழுத்தும் உங்கள் பெயராகிப் போனது. சாயாக்கடையில் "ஏ.கே.கே.க்கு ஒரு கட்டன் சாயா" என்பார்கள். யாராவது ஊரோடு சேராமல் தனியே நின்றால் "அவன் பெரிய ஏ.கே.கே. ஆக்கும்" என்பார்கள். நீங்களும் அம்மாவும் பேசாமல் இருக்கும் நாட்களில் அம்மாவின் தம்பி தங்கமணி மாமன் வந்து, "ஏ.கே.கே. பிளந்தாச்சா?" என்று சிரிப்பார்.

நீங்கள் மட்டும்தான் அதோடு "நாங்க" என்று சேர்த்துச் சொல்வீர்கள். "ஏ.கே.கே. நாங்க கேட்டது வாழைக்குக் கால்வாயிலெ வெள்ளம். வேற ஒண்ணும் இல்ல." அந்த "நாங்க"வில் வேறு யார் இருந்தார்கள் அப்பா?

நீங்கள் கண் மூடிய பிறகு ஒரே கேள்விதான் மிச்சம். சாயாக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏ.கே.கே. இப்பளும் உண்டா மக்கா?" நான் தலை குனிந்தபடி தையல் கடைக்கு நடந்துவிடுவேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே படிப்பை விட்டவள் அல்லவா? வாய் திறக்காத பூனை, மிண்டாப்பூச்சை என்று நீங்களே பெயர் வைத்தீர்களே.

இனி சேதி. பஞ்சாயத்துத் தேர்தலில் இந்த முறை நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. அம்மா நிற்கிறாள்! "உங்கப்பா நாலு பேரு சிரிக்க நின்னாரு. நானும் நிக்கேன்" என்று சொல்லிவிட்டு வேட்புமனு கொடுக்கப் போனாள். குடைச் சின்னம் கிடைத்தது.

அம்மா வீடு வீடாக நடந்தாள். மாமன் தன் ஆட்டோவில் மைக் கட்டிப் பேசினார். இரண்டாம் நாளே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா நிற்பதே பாதி வார்டுக்குத் தெரியாது. மற்றவர்களின் ஜீப்புகளோ காது கிழியப் போய்க்கொண்டிருந்தன.

"மக்கா, எனக்க தொண்டை போச்சு. நீ பேசு."

"என்னக்கொண்டு முடியாது மாமா."

"பின்னெ? பாட்டு மட்டும் போட்டா ஐஸ் வண்டின்னு பிள்ளைகள் பைசாவும் கொண்டு ஓடி வரும்."

கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். நீங்கள் மைக்கில் சொல்லும் வரிசையிலேயே சொன்னேன். முதலில் மூன்று எழுத்து, பிறகு மலையாளத்தில் முழுப் பெயர், பிறகு தமிழில், கடைசியில் மறுபடி அந்த மூன்று எழுத்து. உங்கள் சத்தம் தெருக்கோடி வரை போகும். நான் கண்ணைத் திறக்காமலே சொல்லி முடித்தேன்.

கண்ணைத் திறந்தால் வாசல்தோறும் பெண்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஓர் அக்கா ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நல்லாத்தான் பேசுதே மக்கா. ஆனா எங்களுக்கு அங்க ஓட்டு இல்லல்லா! இது தமிழ்நாடாக்கும்!"

மாமன் ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பியிருந்தார். பேசமுடியாமல் தலையில் அடித்துக்கொண்டார். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது அப்பா, மைக்கிலேயே!

"வந்தது வந்தே. ஏ.கே.கே.ன்னா என்னன்னு ஒழுங்கா சொல்லிட்டுப் போ" என்றார் அந்த அக்கா.

ஓட்டே இல்லாதவர்களிடம் எதற்குப் பயப்பட வேண்டும்? சொன்னேன். வறண்ட கால்வாயைப் பற்றி, வாழை கருகியதைப் பற்றி, தனியாக மனு எழுதிக்கொண்டு அலைந்த உங்களைப் பற்றி. "எங்க வாழைக்கும் அதே கதைதான்" என்றார் ஒருவர். எனக்கு ஒரு டம்ளர் மோரும் கிடைத்தது.

அங்கிருந்து நேரே நம் சாயாக்கடை முக்கு. ஆட்டோவைக் கண்டதும் கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார்: "ஏ.கே.கே. இப்பளும் உண்டா மக்கா?"

மைக் என் கையில்தான் இருந்தது.

"உண்டு," என்றேன். "ஏ.கே.கே. நாங்க உண்டு."

முக்கு முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து இறங்கி வந்த அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்ததும் அதே தலைப்பால்தான்.

இன்னும் ஓட்டு எண்ணவில்லை. எண்ணி முடித்ததும் உங்கள் கல்லறைக்கு வந்து சொல்வேன். தோற்றிருந்தாலும் தலை குனியாமல் அந்தச் சாயாக்கடை வழியாகவே வருவேன். கால்வாயில் தண்ணீர் வரும்வரை, யாரும் கேட்காவிட்டாலும், "நாங்க உண்டு" என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன் அப்பா.

இப்படிக்கு,
ஏ.கே.கே.யின் இரண்டாவது மைக்கும்
உங்கள் பழைய மிண்டாப்பூச்சையுமான மகள்,
ஷைனி