கை தூக்கிய செல்கள்

சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடைக்குப் பக்கத்துக் கடையில் மெழுகுவத்தி வாங்கினேன். பொட்டலத்தை நான் முகர்ந்து பார்த்ததைக் கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். எனக்கு அந்த வாசனையில் உன் தொண்டை ஞாபகம் வருகிறது, நண்பா. சிரிக்காதே.

உன் குரல் கரகரத்த வருடம் அது. குரல்நாணில் ஒரு வெள்ளைத் திட்டு. அதிலிருந்து அரிசி மணியளவு சதையைக் கிள்ளி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் சந்தேகம் என்றார்கள். திட்டை லேசரால் எடுத்துவிடலாம். எடுத்தபின் குரல் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. உனக்கோ பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. தோ பாயோ தேவாலயத்தில் ஆண்டுதோறும் ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைத் தனிக்குரலில் பாடுபவன் நீ. "பாடி முடிச்சிட்டு ஆபரேஷன வெச்சுக்கலாம்" என்று சொல்லத்தான் மருத்துவமனைக்குப் போனாய். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். உன் தொண்டையின் செல்கள், நீல நிறத்தில். பலவற்றுக்குள் பழுப்புப் புள்ளிகள்.

"அது என்னம்மா?" என்றாய்.

"டிஎன்ஏ உடைஞ்ச இடம், அங்கிள். உடைஞ்சதும் செல்லே அங்க ஒரு அடையாளம் வெச்சு, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும். அந்த அடையாளத்துக்குத்தான் நாங்க கலர் ஏத்தியிருக்கோம். இவ்வளவு இருந்தா, சமாளிக்கக் கஷ்டப்படுதுன்னு அர்த்தம்."

"அப்போ கேன்சரா?"

"மாறலாம், மாறாமலும் போகலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வெயிட் பண்ணாதீங்க."

நீ என் பக்கம் திரும்பினாய். "வாத்தியாரே, என் தொண்டைக்குள்ள யாரோ பேப்பர் திருத்திட்டு இருக்காங்க லா!"

டாக்டர் சிரித்துவிட்டார். நான் திரைக்கு அருகே குனிந்தேன். நாம் ஒரே பள்ளியில் காலமெல்லாம் வகுப்பெடுத்தவர்கள். கணக்குத் தப்பாகப் போனதும் தானாகவே கை தூக்கி, "இங்க தப்பாயிடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிடும் பிள்ளையை எத்தனை அபூர்வமாகப் பார்த்திருப்போம்? கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் அதைச் செய்கிறது. உன் தொண்டையில் ஏறக்குறைய வகுப்பே கை தூக்கியிருந்தது.

நீயும் வெகுநேரம் திரையையே பார்த்தாய். "இத்தனை பேர் கூப்பிடும்போது நான் எப்படிப் பாடிட்டு இருக்கிறது?" என்றாய் மெதுவாக. அந்த வாரமே ஆபரேஷன்.

பெரிய வெள்ளியன்று கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். வேறொருவர் பாடினார். உன் விரல்கள் மட்டும் முழங்காலில் கூடவே போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு நீயே பாடினாய், கொஞ்சம் அடிக்குரலில், ஓரத்தில் ஒரு கீறலோடு. இதயம் நிற்கும்வரை எல்லா ஆண்டும் பாடினாய்.

மீந்த சதையை ஆராய்ச்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அன்று சொன்னாயே: "நான் ஏற்கனவே மெழுகுக்குள்ளதான் இருக்கேன். செத்தா நீ தனியா மெழுகுவத்தி ஏத்த வேணாம்."

ஏற்றிவிட்டேன். உன் பாட்டை முணுமுணுத்தும் பார்த்தேன்; இரண்டாம் அடியிலேயே இருமல். கை தானாகத் தொண்டைக்குப் போனது. உள்ளே இந்நேரம் எங்கோ ஒன்று கை தூக்கியிருக்கும், யாரோ அதனிடம் போய்க்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து, பாட்டை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.