பூட்டிய திரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

செயற்கைப் பல் கட்டும் கூடத்திலிருந்து தம்பி எழுதுவது. நம் இணையக் கள்ளிச்செடி மன்றத்தில் எல்லோரும் ‘பூட்டு’ என்று கிண்டல் செய்வீர்களே, அவனேதான். முன்பு செடித்துண்டு அனுப்பினீர்களே, அந்தப் பார்சல் அட்டையில் உங்கள் முகவரி இருந்தது.

இப்போது மன்றத்தில் ஈ ஓட்டுகிறேன். போன மாதம் மொத்தம் மூன்றே பதிவு. இரண்டு என்னுடையது, மூன்றாவது தலைமுடி எண்ணெய் விற்க வந்தவனுடையது. மாதக் கடைசியில் மூடிவிடலாமா என்று பார்க்கிறேன். பதினோரு வருடம் நடத்தியது, மனசு கேட்கவில்லை. நீங்கள் ஒருவர் திரும்பினால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். ஏன் போனீர்கள் என்றாவது சொல்லுங்கள். யாராவது மனம் நோகப் பேசினார்களா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் தம்பி


மார்ச் 11

பூட்டுத் தம்பிக்கு,

மாமாவை விசாரித்திருக்கிறாய். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

யாரும் நோகப் பேசவில்லை. பேசத்தான் ஆளில்லை. யார் எதைக் கேட்டாலும் ‘ஏற்கெனவே பேசியாகிவிட்டது’ என்று பழைய பதிலின் சுட்டி ஒன்றைப் போட்டு, வேறு யாரும் பதில் எழுத முடியாதபடி அந்த உரையாடல் திரியையே பூட்டிவிடுவாய். புதிதாக வந்தவர்கள் ஒரு கேள்வியோடு கிளம்பிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு வருவார்கள்?

என் கடைசித் திரியைப் பார். ‘வேர் அழுகிய கள்ளியை எப்படிக் காப்பாற்றுவது?’ மாமா தன் கையால் வளர்த்த ஒரே செடி அது. நாலே நிமிடத்தில் சுட்டி போட்டுப் பூட்டினாய். திறந்து பார்த்தால், நானே எழுதிய கட்டுரை.

அழுகிய பாகத்தை அறுத்தெறிய வேண்டும் என்று எனக்கா தெரியாது? தினமும் தையல் மேசையில் துணி வெட்டுகிற கைதான். அவர் செடியில் கத்தி வைக்க மட்டும் அந்தக் கை வரவில்லை. “வெட்டுங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்று யாராவது சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே செடி போய்விட்டது.

உன் மேல் கோபம் இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

மன்னித்துவிடுங்கள். கேட்டது யார் என்றுகூடப் பார்க்கவில்லை, தலைப்பை மட்டும் படித்தேன். பல் அச்சு காய்கிற நேரத்தில் ஏழெட்டுத் திரியைப் பூட்டிவிட்டு, மன்றத்தை ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டவன் நான். மாமா போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய துண்டு மாமாவின் செடியிலிருந்து எடுத்தது என்பது நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டி காலி. எப்போது காய்ந்தது என்றே தெரியவில்லை. துண்டோடு வந்த பெயர்ப்பட்டை மட்டும் மண்ணில் நின்றது, மாமாவின் கையெழுத்தில். அதை இத்துடன் அனுப்புகிறேன். உங்களிடம் இருப்பதுதான் முறை.

உங்கள் திரியின் பூட்டைத் திறந்து, “வெட்டுங்கக்கா, நான் கூடவே இருக்கேன்” என்று எழுதினேன். இரண்டு வருடம் தாமதம். முப்பத்தொன்றாம் தேதி மன்றத்தை மூடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூடிய அன்று காலையில் உள்ளே போய் நீ எழுதியதைப் படித்தேன். பதில் போடலாம் என்று விரல் போனது, விட்டுவிட்டேன். மூடியது சரிதான். அங்கே திரும்பி வர எனக்கு மனமில்லை.

பட்டை கிடைத்தது. அதில் அவர் எழுதியிருப்பது: ‘வெயில் போதும். ரொம்பக் கொஞ்ச வேண்டாம்.’ நான் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தால் என்னிடமும் அதையேதான் சொல்வார்: “விடுடி, அது பாட்டுக்கு வளரும்.” படித்துவிட்டு அழுதேன். பிறகு சன்னலோரம் கிடந்த தொட்டியில் புது மண் போட்டு, பட்டையை மட்டும் குத்திவைத்தேன்.

உன்னிடம் ஒரு கேள்வி. முதன்முதலாகக் கள்ளி வளர்க்கிறவள் எந்தச் செடியில் தொடங்கலாம்?

நீ ஆயிரம் முறை பூட்டிய கேள்விதான். பழைய பதிலை எடுத்து அனுப்பாதே. உட்கார்ந்து எழுது.

அக்கா