மடத்துச் சாந்தில் முட்டை

2025 ஜூலை 3

கீரிமலைச் சிவன் கோயிலடியில் எங்கள் மடத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். 1854இல் என் பூட்டன் கட்டியது. கடல் முருகைக்கல் சுவர். ஒரு தூணை அணைக்க இரண்டு ஆள் வேண்டும். நான் என்றால் ஒருவனே போதும். கட்டின குடும்பம் என்றபடியால்தான் ஆடி அமாவாசைக் கஞ்சிக்கு முதல் அகப்பை எங்கள் கையில்.

கட்டடக்கலை படிக்கும் ஷெரோன் என்ற பிள்ளை வேலையைப் பார்க்க வந்திருக்கிறாள். அந்தக்காலத்துச் சாந்தில் என்ன கலந்தார்கள் என்று கேட்டாள். சுண்ணாம்பு, பனங்கட்டி, கடுக்காய் என்றேன். முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. நாலாயிரம் முட்டை என்றேன். உடனே பேனையை எடுத்தாள்.

ஜூலை 8

மடத்துக்குள் முட்டை போகிறது. தட்டுத் தட்டாக, சாக்கால் மூடி. விரதகாரர் சாப்பிடுகிற இடம்! மடத்துத் தலைவர் நமசிவாயத்தின் வேலைதான். அந்த மனிசனுக்கு என் அகப்பையில் எப்போதும் ஒரு கண்.

ஜூலை 9

வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொரிக்கிற மணமே இல்லை. அப்ப எங்கை போகுது? விக்கிறாங்களோ? பத்மாவதியிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" — என் மனைவியும் அவன் பக்கமோ?

ஜூலை 11

மடத்துக் கூட்டத்தில் நானே எழும்பினேன். "மடத்துக்குள்ளை முட்டை வரக் காரணமானவன்ரை குடும்பத்துக்கு இஞ்சை ஒரு உரிமையும் இருக்கக்கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஷெரோன் எழும்பினாள். "ஐயா, அது சாந்துக்கு. உங்கடை பூட்டன் செய்தமாதிரியே செய்யவேணும் எண்டுதான்… நீங்கள்தானே சொன்னீங்கள்."

நமசிவாயம் மெல்லச் சிரித்தார். "அப்ப இவரின்ரை பூட்டன் சிவன்ரை வாசலிலை முட்டை பூசினவரோ?"

முட்டைக்கதை என்ரை பொய் என்றேன். வாழ்க்கையில் ஒருமுறை உண்மை சொன்னேன்.

"அகப்பை போகப்போகுது எண்டோடனை ஆள் கதையை மாத்துறார்" என்றார் நமசிவாயம்.

ஒருவரும் என்னை நம்பவில்லை.

ஜூலை 12

பத்மாவதி சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. முட்டைச் சாந்தைக் கொட்டிவிட்டுப் பனங்கட்டியில் புதிதாகக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. முதல் அகப்பை நமசிவாயம் பிடித்தார். நான் வரிசையில் நின்று வாங்கினேன். உப்புக் குறைவு — எனக்கு மட்டுமோ?

ஷெரோன் பேனையோடு வந்தாள். "ஐயா, இந்தத் தூணெல்லாம் எப்பிடி நிமித்தினவை?"

"ஆக்கள்தான். கயிறு கட்டி."

எழுதாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "வேறை?"

நாக்கு நுனிவரை ஒரு யானை வந்து நின்றது.

"வேறை ஒண்டும் இல்லைப் பிள்ளை."