நீ பார்க்காத ஊதுபத்தித் திரை

இன்று காலை உன் வீட்டிலிருந்து திரும்பிய ஆட்டோவில், ஓட்டுநர் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். மண்டி மொஹல்லா பேட்டையைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டாய். "பெரிய மகாராணி ஆயிட்டா பாரு" என்று சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நம் சந்தில் இருந்தவரை இந்த வாசம் நமக்குத் தெரிந்ததே இல்லை. வீட்டுக்கு வீடு ஊதுபத்தி உருட்டினார்கள். பள்ளியில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் தும்மினால், பாவம், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் நான் அந்த ஓட்டலுக்குப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. ஊருக்கு வெளியே பழைய மாளிகை ஒன்றைப் பெரிய ஓட்டலாக்கியிருந்தார்கள். வடிவமைப்பாளர் ஒருவர் அங்கேயே தங்கி, அந்த இடத்துக்கென்றே ஒரு படைப்பைச் செய்து தர வேண்டும் என்று அழைப்பு வந்தது. துணிகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்த எனக்கு அது கிடைத்துவிட்டது. பஞ்சு மெத்தையில் தூங்கி எழுந்து, கோட்டுப் போட்டவர்கள் கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டு, ஒன்றுமே தோன்றாமல் உன்னிடம் ஓடிவந்தேன். நீ உருட்டுவதை நிறுத்தவில்லை. "இதத் தவிர நம்மகிட்ட என்னடி இருக்கு? இதையே கொண்டுபோய் மாட்டு" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் பிடித்துக்கொண்டேன்.

நீயும் சந்துப் பெண்களும் உருட்டிக் கொடுத்த ஊதுபத்திகளை, கொளுத்தாமல் அப்படியே நூலில் கோர்த்து, மூங்கில் திரை போல வரவேற்புக் கூடத்தில் தொங்கவிட்டேன். பழுப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது சன்னல் திறக்காத ஏசி கூடம். வந்தவர்கள் தும்மினார்கள், கண்ணைக் கசக்கினார்கள். ஓர் அம்மாளை டாக்டரிடம் கூட்டிப் போகும்படி ஆயிற்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேனேஜர் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அப்போதும் எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

அவமானத்தில் உன்னிடம் நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, சந்துப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வர, கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாய். கூடத்தில் வெறும் கொக்கிகள்தான் இருந்தன.

"சுத்தம் பண்ண எடுத்திருக்காங்க" என்றேன். நீ தலையாட்டினாய். காபி வரவழைத்தேன். நீ கப்பை எடுத்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். அந்த நெடி இன்னும் இங்கே அடிக்கிறது, சன்னல் திரைச்சீலைகளைத் துவைத்தும் போகவில்லை என்று கன்னடத்தில் என்னிடம் அலுத்துக்கொண்டார். என்னைவிட நன்றாகக் கன்னடம் தெரிந்தவள் நீ. கப்பைக் கீழே வைத்துவிட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து நீயே டிக்கெட் எடுத்தாய். சந்துக்குள் நுழைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரெண்டாள் ஒசரம்டி" என்றாய் நீ. "லைட்டெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. வெள்ளக்காரங்க நின்னு பாத்துட்டுத்தான் ரூமுக்கே போறாங்க."

"வாசம் வருதாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உள்ள கால வெச்சா நம்ம சந்துதான்."

நான் தலை குனிந்து நின்றேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தப் பேச்சை எடுத்தேன். "சும்னே அதையே பேசாதே, டீ ஆறுது" என்று கன்னடம் கலந்து முடித்துவிடுவாய். உனக்கு என்மேல் கோபமா, இரக்கமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இன்று, மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உன் மகள் கேட்டாள். "அம்மா சொல்லிட்டே இருப்பாங்களே ஆன்ட்டி, அந்தத் திரை இன்னும் அங்க இருக்கா? ஞாயித்துக்கிழம பசங்களோட வரேன், கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பொய்க்காரி ஆக்கக்கூடாதே என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். காரணம் அதுவல்ல. உன் வாயால் வந்த பெருமையை இந்த வயதிலும் விட மனமில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன். திரை நிற்கவில்லை, நீ அதைப் பார்க்கவே இல்லை என்று சொல்வது முடியாத காரியமில்லை. ஆனால் அந்த மேனேஜர் நெடி என்று சொன்னபோது, நீ உன் இரண்டு கைகளையும் மெல்லப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாய். அவர் உன் கை வாசத்தைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாய். இல்லை, என் திரையைத்தான் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் உன் மகளிடம் சொல்ல எனக்கு வராது.