ஆய்வு நாள் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்
கடற்கரைக் குடியிருப்புக்கு நகராட்சி எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று முடிவெடுக்க இன்று குடிநீர்க் குழுவின் ஐந்தாவது கூட்டம். ஆற்றிலிருந்து பதினெட்டு கிலோமீட்டருக்குக் குழாயா, கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையா? குடிநீர்ப் பொறியாளன் என்ற முறையில் குழாய்தான் என்றேன். மூன்று மணி நேரம் பேசினார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர். முடிவு: குழு பத்தாம் தேதி நேரில் போய்ப் பார்க்கும்.

மார்ச் 4
அக்கா போன் செய்தாள். அவள் வீடு அந்தக் குடியிருப்பில்தான். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகி நாலு வருடம், சோப்புகூட நுரைப்பதில்லை. "இந்தத் தடவையும் இழுத்தடிச்சீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு உன் வீட்டுக்கே வந்துடுவேன்டா. உன் பொண்டாட்டிகிட்ட இப்பவே சொல்லி வை."
சொல்லி வைத்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக மனைவி என் வேலையைப் பற்றி விசாரித்தாள். "குழாய் போட எத்தனை மாசம் ஆகும்?"

மார்ச் 6
குடியிருப்புக் குழாயில் உப்பளவு பார்த்தேன். லிட்டருக்கு மூவாயிரம் மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஐந்நூறைத் தாண்டினாலே வாய்க்குத் தெரியும். குழு ஒரு வாய் குடித்தால் போதும், நான் பேசவே வேண்டாம்.

மார்ச் 9
நாளைய ஆய்வுக்கான தாள்கள். கையெழுத்துப் போட்டே கை வலிக்கிறது.

மார்ச் 10
குழுத் தலைவர் தெருக்குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தார். இன்னொரு தடவையும் குடித்தார். "நம்ம வீட்டுத் தண்ணிய விட நல்லாருக்கே." உறுப்பினர்கள் வரிசையாகக் குடித்துத் தலையாட்டினார்கள். அக்கா முன்னால் வந்து, "ஐயா, இது எங்க தண்ணி இல்லீங்க" என்றாள். "பின்ன யாரு தண்ணிம்மா?" என்று தலைவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.
அளந்தேன். முந்நூற்றுப் பத்து. எப்படி?

அதே நாள், மாலை
கோப்பில் இருந்தது. பெரியவர்கள் எங்கே போனாலும் முந்தின நாள் செய்ய வேண்டியவை என்று அலுவலகத்தில் வழிவழியாக வரும் பட்டியல். சாலையோரம் சுண்ணாம்பு. தெருவிளக்கு பழுது பார்த்தல். மேல்நிலைத் தொட்டியில் நிரப்ப லாரித் தண்ணீர், ஆறு நடை. கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டது — வேறு எப்படிப் போடுவேன்?

மார்ச் 12
நகராட்சி ஆணையரிடம் லாரித் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப குழுவை ஏமாத்தினது நீங்கதான்னு எழுதிக் குடுக்கறீங்களா?"
"யோசிச்சு சொல்றேன் சார்."

மார்ச் 13
யோசித்தேன். எழுதவில்லை.

மார்ச் 20
குழு அறிக்கை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க உகந்தது. குழாயும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். கோப்பை மூடச் சொல்லி உத்தரவு.
அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், கையெழுத்து உட்பட. திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "ஆய்வுன்னா முந்தின நாள் லாரி வரும். அப்படித்தானே?"
"பட்டியல்ல அப்படித்தான் இருக்குக்கா."
"சரி, வை."

ஏப்ரல் 1
குடியிருப்பிலிருந்து மனு, இருநூற்றுப் பத்துக் கையெழுத்து. முதல் கையெழுத்து அக்காவுடையது. "குழு காட்டிய அக்கறை கண்டு நெகிழ்ந்தோம். தண்ணீரின் தரம் இப்படியே நீடிக்கிறதா என்று வாரம் மூன்று முறை வந்து ஆய்வு செய்ய வேண்டுகிறோம்." தலைவரும் நெகிழ்ந்தார். ஐந்து கூட்டத்தில் முடியாதது ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஆய்வு என்றால் செலவில்லையாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்
முதல் ஆய்வு. இந்த முறை பட்டியலை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். குழுவில் ஒருவரும் வரவில்லை. ஆறு நடை தண்ணீரும் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டது.