வாலில் கட்டிய சிவப்புத் துணி

செத்துப்போன உன் மேல் பழியைப் போட்டு விமான விபத்து விசாரணையை முடித்துவிட்டார்கள். ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று ஒரே வரி. அந்த வரி பொய். ஆனால் நிஜம் எது என்பது இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்று சிவாஜிநகரில் ஆயுத பூஜைக்கு ரிப்பன் விற்கிறார்கள். சிவப்பு சாட்டின், கட்டுக்கட்டாக. பஸ்ஸுக்கு நின்றவன் பஸ்ஸை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபத்து நடந்த வருடப் பூஜைக்கு முந்தின நாள், விமானம் நிறுத்தும் நம் கம்பெனி ஹேங்கரில் நான் விமான சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து என் வெட்டுத் துணியில் சிவப்பாக ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனாய். விமானத்தின் வாலில், மூக்கை ஏற்றி இறக்குகிற பலகையில், ஒரு நட்டை மாட்டியிருந்தாய். அது கழலாமல் பூட்டுகிற கம்பி ஸ்டோரிலிருந்து வரவில்லை. ஷிப்ட் முடிந்துவிட்டது. வேலை பாக்கி என்று அடுத்தவனுக்குத் தெரிய, துணியை அங்கே கட்டினாய்.

“என்னப்பா, பூஜை நாளைக்குத்தானே? இப்பவே ஜோடனையா?” என்றேன்.

“சிரிக்காதீங்கண்ணா. எவனாவது தொட்டான், கைய ஒடிச்சிருவேன்.”

மறுநாள் விமானம் முழுக்க மாலை, வாழைக்கன்று, சிவப்பும் மஞ்சளுமாக ரிப்பன். உன் துணிக்கும் ஒரு சந்தனப் பொட்டு விழுந்தது. அதற்கடுத்த நாள் எல்லாவற்றையும் உருவி மூட்டை கட்டினார்கள். அதோடு அதுவும் போயிற்றா? இல்லை, வேறு ஷிப்ட்காரன் கம்பியைப் போட்டுவிட்டுத் துணியைக் கழற்றினானா? போட்டிருந்தால் பறக்கும்போது நட்டு ஏன் கழன்றது?

பழுது பார்த்தவனும் சோதனைப் பறப்பில் ஏறவேண்டும் என்பது நம் இடத்து வழக்கம். துணியைக் காணாமல், யாரோ முடித்துவிட்டார்கள் என்று நினைத்தாயா? சைக்கிள் செயினையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறவன், அன்று ஏறும் முன் நட்டை ஏன் பார்க்கவில்லை? பார்த்தாயா? மேலே ஏறிய விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்து விழுந்தது. பைலட்டும் நீயும் போய்விட்டீர்கள்.

விசாரணையில் துணியைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர் தன் கன்னடத் தமிழில் குறுக்கே விழுந்தார். “பெரியவரே, நீங்க சீட் தைக்கிறவரு. வால் சமாச்சாரம் உங்களுக்கு யாக்கே?”

அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில அறிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் சொன்னது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுகோடியில் உங்கள் வீட்டு வாசலில் உன் மகள் கேட்டாள்: “பெரியப்பா, எங்கப்பாவாலதான் ப்ளேன் விழுந்துச்சாமே, ஸ்கூல்ல சொல்றாங்க. நெஜமா?”

“இல்லம்மா.”

“அப்ப யாராலே?”

எனக்குத் தெரியவில்லை. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள், கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே சொல்கிறேன். கம்பெனி அந்த வரியை அடித்து நீக்க வேண்டும். விசாரித்தவர்கள் என் வாக்குமூலத்தைச் சேர்க்க வேண்டும். அன்று அலங்காரத்தை உருவியவர்கள் வாயைத் திறக்க வேண்டும்; யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. வேலை பாக்கியுள்ள விமானத்தை யாரும் பூஜையில் நிறுத்தக் கூடாது. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர், நட்டைக் கையால் தொட்ட பிறகே போட வேண்டும். மேனேஜர் அடுகோடிக்கு வர வேண்டும். உன் மகள் முன்னால் நின்று, “எங்களுக்கும் தெரியாதும்மா” என்று சொல்ல வேண்டும்.